வலது முனையில் ஒரு ‘பி’

ஊட்டியில் பழைய பங்களா விற்பவர் பெருமையோடு காட்டுவது ஃபயர்பிளேஸை. வாங்கியவர் முதலில் இடிக்க நினைப்பதும் அதைத்தான். வரவேற்பறையின் நல்ல சுவரை அது பிடித்துக்கொள்கிறது. அங்கே சோபாவும் போட முடியாது, டிவியும் மாட்ட முடியாது. தென்மேற்கு மழை விடாமல் அடிக்கும் நாட்களில் சிம்னி வழியாக இறங்கும் தண்ணீர் கரியைக் கரைத்துக்கொண்டு வந்து தரையில் கறையாக நிற்கும். விறகு விற்கிற விலையில் அதில் தீ மூட்டுகிறவர்களும் குறைவு. சுவரோரம் ஒரு ஹீட்டரை வைத்துவிட்டால் கதை முடிந்தது.

நண்பர் ஒருவரின் வீட்டில் அந்த வேலை தொடங்கவிருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு தாய்நாடு கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அவருடைய தாத்தா வாங்கிய வீடு. நண்பர் என்னைவிட மூத்தவர். பழைய கட்டடங்களின் பத்திரங்களையும் பதிவேடுகளையும் துருவுவது என் வேலை என்று அவருக்குத் தெரியும். “இடிச்சப்புறம் வந்து தலையில அடிச்சுக்காதீங்க தம்பி. முன்னாடியே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுங்க” என்றார்.

அந்த வீட்டைப் பற்றி அவர் குடும்பத்தில் மூன்று சேதிகள் வழங்கிவந்தன. வீடு சல்லிவன் காலத்தது. ஃபயர்பிளேஸ் வீட்டோடு சேர்த்துக் கட்டியது. அதில் பதித்திருக்கும் இரும்பு பரங்கிப்பேட்டையில் வார்த்தது. மூன்றும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. ஒன்றை உருவினால் மற்றவையும் சாயும் என்பது அப்போதே தெரிந்தது. எதை முதலில் உருவுவது என்பதுதான் கேள்வி.

ஊட்டியில் எந்தப் பழைய சுவரைக் கேட்டாலும் சல்லிவன் பெயரைச் சொல்லும். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறினார். 1822-ல் ஊட்டியில் கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். மலைக்காரர்கள் கல் பங்களா என்று அழைத்த அந்த வீடு இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. 1841-ல் அவர் இந்தியாவை விட்டே போய்விட்டார். ஆகவே ‘சல்லிவன் காலம்’ என்பதற்கு ஒரு மேல் எல்லை உண்டு. நண்பரின் பத்திரங்களில் பின்னோக்கிப் போனால் வீட்டின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. இது ஊட்டிக்கே உரிய தொல்லை: புதிய எஜமானர் வந்தால் புதிய பெயர்ப்பலகை. இந்த இடத்தில் கைகொடுப்பவர் சர் ஃபிரெடெரிக் பிரைஸ். அவர் 1908-ல் வெளியிட்ட ஊட்டி வரலாறு, ஊரின் பழைய வீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு யார் கட்டினார், யார் வாங்கினார், எந்த ஆண்டில் யார் குடியிருந்தார் என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டு போகும். கதைப் புத்தகமாகப் படித்தால் தூக்கம் வரும். வீட்டைத் தேடுகிறவனுக்கு அதைப் போல வேறொன்று இல்லை. பத்திரத்தின் நான்கெல்லையை வைத்துக்கொண்டு பார்த்ததில் நண்பரின் வீடு வேறு பெயரில் அகப்பட்டது. சல்லிவன் போன பிறகு, ஆனால் அதிக காலம் கழியாமல், 1840-களில் எழுந்த வீடு. முதல் சேதி மயிரிழையில் குறி தப்பிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது சேதியை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியவில்லை. கும்பெனி உத்தியோகத்திலிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் வேலையை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பு ஆலை தொடங்கினார். சேலத்து மலைகளின் காந்தத் தாது, காட்டை வெட்டிச் சுட்ட மரக்கரி, ஐரோப்பிய பாணி ஊதுலை: இவை மூன்றும்தான் அதன் மூலதனம். பின்னாளில் பேப்பூரிலும் ஓர் ஆலை எழுந்தது. பேப்பூர் நீலகிரியின் மேற்கு அடிவாரத்துக்கு அப்பால் கடற்கரையில் இருக்கிறது. அங்கே வார்த்த இரும்பு மலைக்கு வந்திருக்கும் என்று நினைப்பதில் அபத்தம் ஏதுமில்லை. சுற்றியிருந்த காடுகள் கரிக்குப் போதாமல் போனது அந்தத் தொழிலை வாட்டிய காரணங்களில் ஒன்று. அந்தச் செய்தியைக் குறித்துவைத்துக்கொண்டேன். அது வேறு ரூபத்தில் திரும்பி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

இனி இரும்பே வாய் திறந்தால்தான் உண்டு. அதன் முகம் ஒன்றும் சொல்லவில்லை: சூரியகாந்தி போல ஒரு பூ, கொடி, மேலே ஒரு வளைவு, பல தலைமுறை கறுப்பு பாலிஷ். வார்ப்பிரும்பில் சேதி இருப்பது முதுகில்.

மேஸ்திரி குன்னூர்க்காரர். கடப்பாரையைத் தொடுவதற்கு முன் அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஏறிப் படுத்துவிட்டார். இறங்கி வந்ததும் பக்கத்துப் படுக்கையறைக்குப் போய் அங்கிருந்த சுவரைத் தட்டினார். அங்கேயும் ஒரு ஃபயர்பிளேஸ், முதுகோடு முதுகாக. பலகை அடித்து மூடியிருந்தார்கள். இரண்டின் புகையும் ஒரே சிம்னியில் போகிறது. “இந்தப் பக்கம் இடிச்சா அந்தப் பக்கம் கேக்கும் சார்” என்றார். “மேல நிக்கிறது சும்மாவா நிக்குது? இதும்மேலதான் நிக்குது.”

ஃபயர்பிளேஸை எடுப்பது என்றால் பலர் ஓட்டையை அடைப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் அந்தச் செங்கல் மார்புதான் கூரைக்கு மேலே தெரியும் புகைக்கூண்டின் கால். காலை வெட்டிவிட்டுத் தலையை விட்டுவைத்தால் அத்தனை செங்கலும் பிடிமானம் இல்லாமல் தொங்கும். இங்கிலாந்தின் பழைய வீடுகளிலும் இதே தவறு நடப்பதுண்டு. அங்கே எஃகு உத்தரம் கொடுத்து, பொறியாளரிடம் கணக்குப் போட்டு வாங்கி, உள்ளூர் கட்டட அதிகாரியின் அனுமதியும் பெற்ற பிறகுதான் கை வைக்கலாம். ஊட்டியின் பழைய சுவர்களில் பல மண்சாந்தில் கட்டி மேலே சுண்ணாம்பு பூசியவை. சிமெண்டு போல இறுகிப் பிடிக்காது. அதிர்ச்சி கொடுத்தால் உதிரும். மேஸ்திரி அன்றே முடிவு செய்துவிட்டார்: மார்பைத் தொடுவதில்லை, இரும்பை மட்டும் உருவிப் பார்ப்பது.

இரும்பு வந்தது, அதோடு கரியும் வந்தது. வாளி வாளியாகக் கரி, புறாக் கூட்டின் குச்சிகள், எலும்பாகிப்போன ஏதோ ஒரு பறவை. முன்தகட்டைப் படுக்கவைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது முதுகில் ஒரு சிறிய சாய்சதுரம் புடைத்துக்கொண்டு வெளிப்பட்டது. அதன் உச்சியில் ஒரு குட்டி வட்டம்; வட்டத்துக்குள் ரோமன் எண் ஒன்று. சாய்சதுரத்தின் நான்கு முனைகளிலும் ஏதோ எழுதியிருந்த தடம். மூன்று முனைகளைத் துரு தின்றிருந்தது. வலது முனையில் மட்டும் ஓர் எழுத்து தெளிவாக நின்றது: ஆங்கில வரிசையின் பதினாறாவது எழுத்தான பி.

பரங்கிப்பேட்டை அந்த நிமிடத்தோடு முடிந்தது. அந்தச் சாய்சதுரம் பிரிட்டிஷ் அரசின் வடிவப் பதிவு முத்திரை. 1842-ல் வந்த சட்டம் ஒன்றின்படி, ஒரு பொருளின் அழகு வடிவத்தை இன்னொருவர் காப்பியடிக்காமல் இருக்க, அதை லண்டனில் பதிவு செய்யலாம். பதிந்தவர் தன் பொருளில் இந்த முத்திரையைப் பொறித்துக்கொள்வார். உச்சி வட்டத்தில் இருப்பது பொருளின் வகுப்பு: ஒன்று என்றால் உலோகம், இரண்டு மரம், மூன்று கண்ணாடி, நான்கு மண்பாண்டம், இப்படி. மற்ற நான்கு முனைகளும் ஆண்டு, மாதம், தேதி, அன்றைய பதிவுகளில் எத்தனையாவது கட்டு என்பவற்றைச் சொல்லும். தேதியும் கட்டும் எண்ணாக இருக்கும். ஆண்டும் மாதமும் எழுத்தாக இருக்கும். எழுத்துகள் அகரவரிசையில் போகா. எக்ஸ், எச், சி, ஏ, ஐ, எஃப் என்று ஓர் ஒழுங்குமில்லாமல் தாவும். கடைக்குப் போய்ப் பொருளைத் திருப்பிப் பார்ப்பவருக்கு அது எந்த ஆண்டுச் சரக்கு என்று புரியக் கூடாது என்பதற்காகவோ என்னவோ.

அந்த வரிசையில் பி பத்தாவது. எக்ஸ் 1842 என்றால் பி 1851. நண்பருக்கு ஒரே சந்தோஷம். 1851 லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை எழுப்பி உலகக் கண்காட்சி நடத்திய ஆண்டு. வார்ப்பிரும்புக்காரர்கள் அங்கே கடை விரித்த ஆண்டு. 1840-களில் கட்டிய வீட்டுக்கு 1851-ன் இரும்பு கிட்டத்தட்ட உடன்பிறப்புதான். இரண்டாவது சேதியாவது தேறிவிட்டது என்று அவர் எழுந்தே விட்டார்.

நான் எழவில்லை. எழுத்து எது என்பதைப் போலவே அது எந்த முனையில் இருக்கிறது என்பதும் முக்கியம். 1842-லிருந்து ஆண்டுக்கு ஓர் எழுத்தாகச் செலவழித்ததில் 1867-ல் இருபத்தாறும் தீர்ந்துவிட்டன. 1868-ல் மறுபடி எக்ஸிலிருந்தே தொடங்கினார்கள். குழப்பம் வராமல் இருக்க முனைகளை இடம் மாற்றினார்கள். முதல் சுற்றில் ஆண்டெழுத்து உச்சியில், தேதி வலப்பக்கம். இரண்டாம் சுற்றில் தேதி உச்சியில், ஆண்டெழுத்து வலப்பக்கம். பழைய முறையில் வலது முனையில் எண்தான் இருக்க முடியும்; எழுத்து இருக்கவே முடியாது. நம்முடையதில் எழுத்து இருக்கிறது. ஆகவே இது இரண்டாம் சுற்றின் பத்தாவது ஆண்டு: 1877. 1884-லிருந்து சாய்சதுரத்தையே கைவிட்டு, ஒன்று முதல் தொடர் எண் போடத் தொடங்கிவிட்டார்கள். முனை மாற்றம் தெரியாமல் எழுத்தை மட்டும் பார்த்து இருபத்தாறு ஆண்டு முன்தேதியிட்ட தேநீர்க் கெண்டிகளையும் கதவுக் குமிழ்களையும் ஏல அட்டவணைகளில் கண்டிருக்கிறேன்.

1877 என்பது வடிவம் பதிவான ஆண்டு. வார்ப்பு அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியும் நடந்திருக்கலாம். முந்தி நடந்திருக்க முடியாது. வழி தெளிவாக இருக்கிறது. சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்தாயிற்று. மேட்டுப்பாளையத்துக்கு ரயில் 1873-ல் வந்தாயிற்று. அங்கிருந்து மேலே ரயில் கிடையாது. குன்னூருக்கு 1899-லும் ஊட்டிக்கு 1908-லும்தான் வந்தது. ஆகவே இந்த இரும்பு மேட்டுப்பாளையத்தில் மாட்டுவண்டிக்கு மாறி, குன்னூர் மலைச்சாலையில் ஏறியிருக்க வேண்டும். சென்னை அரசாங்கம் கோடைதோறும் ஊட்டிக்குப் படையெடுக்கத் தொடங்கியிருந்த காலம். ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் அங்கே அரசு மாளிகை எழுப்பிக்கொண்டிருந்தார். அதே ஆண்டுகளில் சமவெளியில் தாது வருஷப் பஞ்சம். 1876-லிருந்து 1878 வரை ஜனங்கள் வழியோரங்களில் விழுந்து செத்தார்கள். ஊட்டிப் பழைய வீடுகளின் அழகைப் பேசும்போது இந்தத் தேதிகளை அருகருகே வைக்காமல் பேச எனக்கு மனம் வருவதில்லை.

சரி, 1840-களின் வீட்டில் 1877-ன் இரும்பு. நடுவில் முப்பது ஆண்டுக் குளிரை எப்படிச் சமாளித்தார்கள்? டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் ஊர் அது.

பதில் சுவருக்குள் இருந்தது. இரும்பு இருந்த இடத்துக்குப் பின்னால் செங்கல் அடைப்பு. செங்கலின் அளவு சுவரின் செங்கலோடு ஒத்துப்போகவில்லை. மேஸ்திரி உளியை வைத்து ஒரு செங்கல்லைப் பெயர்த்துக் கையை விட்டார். முழங்கை வரை போயிற்று. அடைப்பை முழுதாக எடுத்தபோது பெரிய வாய் ஒன்று திறந்தது: நாலரை அடி அகலம், ஓர் ஆள் குனிந்து நிற்கலாம். மேலே செங்கல் வளைவு, கீழே தேய்ந்துபோன கருங்கல் பலகை, உட்சுவரெங்கும் சுண்ணாம்புக் காரையின் மேல் கன்னங்கரிய புகைப் படலம். இதுதான் வீட்டோடு பிறந்த கணப்பு. அதன் வாய்க்குள் நடுவில் வைத்துக் கட்டிய 1877-ன் இரும்புக்கு, தீ எரியும் இடம் பதினாறு அங்குலம்தான்.

நாலரை அடியிலிருந்து பதினாறு அங்குலம். எனக்கு உறுத்தியது அந்தக் கணக்கு.

எளிய விளக்கம் ஒன்று உண்டு. கவுண்ட் ரம்ஃபோர்டு என்று பட்டம் வாங்கிய பெஞ்சமின் தாம்சன் 1796-ல் ஒரு கட்டுரை எழுதினார்: அகன்ற கணப்பு அறையைச் சூடாக்குவதில்லை, அறையின் சூட்டையும் சேர்த்து உறிஞ்சிப் புகைக்கூண்டு வழியாக வெளியே தள்ளுகிறது, வாயைக் குறுக்கு, ஆழத்தைக் குறை, பக்கச் சுவர்களை அறையை நோக்கிச் சாய்த்துக் கட்டு, தொண்டையை இறுக்கு. இங்கிலாந்து அதைக் கேட்டது. அதற்குப் பிறகு அங்கே வார்த்த கணப்புகள் எல்லாம் குறுகலானவைதான். ஊட்டி துரைகள் ஊர் மோஸ்தரைக் காப்பியடித்தார்கள், அவ்வளவே என்று முடித்துவிடலாம்.

முடிக்கவிடாமல் தடுத்தவை கம்பிகள். அந்த இரும்பு நிலக்கரிக்காகச் செய்தது. கரித்துண்டுகள் விழாமல் தாங்க முன்னால் குறுக்குக் கம்பிகள் உண்டு. நம்முடையதில் மேல் இரண்டு கம்பிகளை யாரோ ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள். அறுத்த முனையிலும் கறுப்பு பாலிஷ் ஏறியிருந்ததால் அது நேற்றைய வேலை இல்லை. ஊட்டிக்கு நிலக்கரி ஏது? ராணிகஞ்ச் சுரங்கம் வங்காளத்தில். தென்னாட்டுக்குப் பக்கமான சிங்கரேணியில் தோண்டத் தொடங்கியது 1880-களின் கடைசியில். கரிக்கென்று செய்த இரும்பை வாங்கி வந்து, கரி கிடைக்காமல், கம்பியை அறுத்து விறகு வைத்திருக்கிறார்கள். மோஸ்தர் பொருந்தவில்லை. பொருந்தாத இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பெரிய கணப்புக்கே திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. ஏன்?

விறகைத் தேடிப் போனேன். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் நீலகிரியைப் பற்றிய கட்டுகளைப் புரட்டுகிறவர்கள் பெரும்பாலும் சிங்கோனாவையோ காப்பியையோ தேயிலையையோ தேடுவார்கள். விறகு யாருக்கும் வேண்டாத சரக்கு. ஆனால் அச்சான நூல்களிலேயே அந்தக் கதை நீளமாகக் கிடக்கிறது: சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஹியூ கிளெகார்ன் 1861-ல் வெளியிட்ட நூல், கிரிக்கின் 1880 நீலகிரி மானுவல், ஃபிரான்சிஸின் 1908 கெஜட்டியர். மூன்றையும் விறகு என்ற ஒரே கண்ணோடு படித்தால் ஊட்டி வேறு ஊராகத் தெரிகிறது.

வெள்ளைக்காரர் வருவதற்கு முன் அந்த மேட்டுநிலம் பெரும்பாலும் புல்வெளி. தோடர்களின் எருமைகள் மேய்ந்த இடம். மரம் இருந்தது பள்ளத்தாக்குகளின் மடிப்பில், சோலைகளில். காட்டுப்பூவரசும் நாவல் இனங்களும் நெருங்கி வளர்ந்த குட்டை மரக் காடுகள் அவை, மெதுவாக வளரும். வெட்டிவிட்டால் அதே இடத்தில் கன்று எழுவது கடினம், திறந்தவெளியின் உறைபனி கன்றைக் கருக்கிவிடும். படுகரும் கோத்தரும் தங்கள் தேவைக்கு எடுத்த சுள்ளி வேறு விஷயம். அறைக்கு அறை நாலரை அடி வாயைத் திறந்துகொண்டு பங்களாக்கள் வந்தன. 1850-களில் ஜக்கதளாவில் ராணுவக் குடியிருப்பு எழுந்தது. பின்னாளில் வெலிங்டன் என்று பெயர் மாறிய அந்த இடத்தில் ஒரு பட்டாளமே குளிர்காய வேண்டியிருந்தது, சமைக்க வேண்டியிருந்தது. ஊரைச் சுற்றியிருந்த சோலைகள் அந்த நெருப்புகளுக்குள் போயின.

விறகுப் பஞ்சம் வருவதை அவர்களே உணர்ந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரம் 1830-களிலேயே வந்தது. 1843-ல் கேப்டன் காட்டன் என்ற பொறியியல் படை அதிகாரி கற்பூர மரத்தைக் கொண்டுவந்தார். சமவெளியில் நாம் தைல மரம் என்போமே, அதன் மலைச் சகோதரன். தொடக்கத்தில் தோட்டத்து வேடிக்கை. பிறகு வேடிக்கை போய் விறகுக் கணக்கு வந்தது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். சில ஆண்டுகளிலேயே வெட்டுக்குத் தயாராகும். சோலை மரம் எதுவும் போட்டியிட முடியாத வேகம். 1860-களில் அரசாங்கமே விறகுக்கென்று தோப்புகள் போடத் தொடங்கியது. ஆரம்பி என்ற தோப்பு 1863-ல் நட்டது. 1883-ல் ஹட்சின்ஸ் என்ற வன அதிகாரி இந்த ஆஸ்திரேலிய மரங்கள் எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்று அளந்து ஓர் அறிக்கையே எழுதினார். ஊட்டி ஏரிக்கரையில் நின்று கற்பூர மர வாசனையை இழுத்து ‘இதுதான் ஊட்டி வாசம்’ என்று சொல்லும் சுற்றுலாப் பயணி, உண்மையில் முகர்வது பழைய கணப்புகளுக்கு வளர்த்த தீனியை.

இப்போது அந்தப் பதினாறு அங்குலத்துக்கு வருகிறேன். 1840-களில் சோலை மரத்தை முழு நீளக் கட்டையாகப் போட்டு எரித்தவர்கள், 1877-க்குப் பிறகு தோப்பு விறகைக் காசு கொடுத்து வாங்கி, பிளந்து, குட்டையாக நறுக்கி எரித்திருக்கிறார்கள். குறுகிய வாய் மோஸ்தராக வந்து சிக்கனமாகத் தங்கிவிட்டது என்பது என் கட்சி. ஒரு வீட்டின் சுவரை வைத்து ஊரின் பொருளாதாரத்தைச் சொல்வது ஆய்வாளருக்கு அழகல்ல என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். அதனால்தான் இப்போது ஊட்டியிலும் குன்னூரிலும் பழுதுபார்க்கும் வீடு எது கண்ணில் பட்டாலும் இரும்புக்குப் பின்னால் அடைப்புச் செங்கல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் டேப் எடுத்து அளந்து சொல்கிறார்கள்.

மேஸ்திரிக்கு என் கட்சியில் அக்கறையில்லை. அவருடைய பாட்டி குன்னூரில் ஒரு பங்களாவில் வேலை பார்த்தவராம். துரைமார் தூங்கப் போனதும் கணப்பில் மிஞ்சிய தணலை இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போவார்களாம். வேலைக்காரர்களின் அறைகளில் கணப்பு கிடையாது. “அந்த ரூமுக்குப் புகை போறதுக்கு ஓட்டையும் கெடையாது சார். கதவ லேசாத் தொறந்து வச்சுட்டுத்தான் தூங்கணும்னு பாட்டி சொல்லும்.” இதை அவர் பழங்கதையாகச் சொன்னாலும் ஆபத்து பழையதாகிவிடவில்லை. ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழாமல்போன செய்தி இன்றும் பனிக்காலத்தில் வருகிறது. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வேலை அது. புகைக்கூண்டு என்பது சூட்டை வீணாக்கும் குழாய் என்று ரம்ஃபோர்டு கணக்குப் போடலாம். மனிதரை உயிரோடு எழுப்புவதும் அந்தக் குழாய்தான்.

சோலையைத் தின்ற கணப்புகள் அணைந்துவிட்டன. அவற்றுக்காக வந்த மரங்கள் போகவில்லை. விறகுக்குத் தேவை குறைந்தபோது சிறுமுகை விஸ்கோஸ் ஆலை கூழுக்காக அவற்றை வாங்கியது; அந்த ஆலையும் மூடிவிட்டது. சீகை தானாகவே பரவிப் புல்வெளிகளை மூடிக்கொண்டது. தோடர்களின் மேய்ச்சல் நிலம் மரத்தடியில் மறைந்துபோனது. அயல் மரங்களை அகற்றி மலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கு நீதிமன்ற உத்தரவுகளும், 2022-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஒரு கொள்கையும் இருக்கின்றன. வெட்டிய இடத்தில் புல் திரும்புமா, சீகையே விதையிலிருந்து மறுபடி கிளம்புமா என்று வனத்துறையும் ஆய்வாளர்களும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நண்பரின் வீட்டில் வேலை முடிந்தது. செங்கல் மார்பு அப்படியே நிற்கிறது. சிம்னியின் உச்சியில் மழை இறங்காமல் கல் மூடி போட்டு, பக்கவாட்டில் காற்று போக இடுக்கு விட்டார் மேஸ்திரி. முழுதாக அடைத்தால் உள்ளே ஓதம் பிடித்துக் கரிக்கறை சுண்ணாம்பைத் தாண்டி வெளியே வரும் என்றார், அதை நான் இங்கிலாந்துக் கட்டட நூல்களிலும் படித்திருக்கிறேன். திறந்த பெரிய வாய்க்குள் நண்பரின் மனைவி புத்தகங்களை அடுக்கிவிட்டார். டிவி எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது.

இரும்பு கார் ஷெட்டில் கிடக்கிறது. லண்டனின் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில், பதிவான ஒவ்வொரு வடிவத்தின் பெயர்ப் பதிவேடும், கூடவே பதிந்தவர் கொடுத்த வரைபடமோ புகைப்படமோ ஒட்டிய தொகுதிகளும் இருக்கின்றன. 1839-லிருந்து சேர்ந்த வடிவங்கள் கிட்டத்தட்ட முப்பது லட்சம். மாதமும் தேதியும் துருவில் போனதால் 1877-ன் உலோக வகுப்பு முழுவதையும் பூவும் கொடியுமாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே ஆராய்ச்சி செய்யும் ஓர் இளம் தோழி அதைச் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார். முகத்தின் படம், முதுகின் படம், அளவுகள் எல்லாம் அனுப்பியாயிற்று. ராதரமா, ஃபால்கர்க்கா, எந்த ஊர் வார்ப்படம் என்று தெரிந்ததும் சொல்வார். அதற்குள் காயலான் கடைக்காரர் இரண்டு முறை வந்து எடைக்கு விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். பதில் வரும்வரை கொடுக்க வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.